சுவரில் ஒட்டிய வண்டுகள்

முதலில் என் கோபமெல்லாம் அந்த வண்டுகள் மேல்தான் இருந்தது.

மர அறுவை ஆலையின் முற்றத்துச் சுவருக்கு நான் மஞ்சள் அடித்துக்கொண்டிருந்தேன். நீளமான சுவர். ஈரம் காய்வதற்குள் எங்கிருந்தோ கருப்பு வண்டுகள் பறந்து வந்து பொத்துப் பொத்தென்று ஒட்டிக்கொண்டன. விரல்நகத்தளவுதான் இருக்கும், கரி நிறம். ஒன்றைக் கிள்ளி எறிந்தால் அந்த இடத்தில் பெயிண்ட் பிய்ந்து, பல் விழுந்த வாய் மாதிரி இளிக்கும். அதைச் சரிசெய்துவிட்டுத் திரும்பினால் பக்கத்தில் இன்னொன்று. போதாக்குறைக்குக் கழுத்தில் உட்கார்ந்து கடிக்கவும் செய்தன. "உங்களுக்கு வேற சுவரே கிடைக்கலையா" என்று நான் ஏணி மேலிருந்து கத்தியது, கீழே மரம் ஏற்றிக்கொண்டிருந்தவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

பெயிண்ட் அடிப்பதுதான் எனக்குச் சோறு போடும் வேலை. ஏணியில் ஏறிய பெண்ணைப் பார்த்து வாயைத் திறந்தவர்களுக்கெல்லாம் மேலிருந்தே பதில் சொல்லிப் பழகியவள் நான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஆலையில் எல்லோருக்கும் தெரியும். என் தம்பி அங்கேதான் வேலை செய்தான். அவன் எனக்கு நேர்மாறு. வீட்டில் இருந்த பொறுமையை மொத்தமாக அம்மா அவனுக்கே கொடுத்துவிட்டதால்தான் எனக்கு மிச்சமில்லை என்று கேலி செய்வான்.

சுவருக்கு அவசரமாகப் பெயிண்ட் அடிக்கக் காரணம் இருந்தது. மரம் வாங்கும் பெரிய கம்பெனிக்காரர்கள் ஆலையைப் பார்வையிட வருகிறார்கள் என்று மேனேஜர் தலைகால் புரியாமல் திரிந்தார். முற்றத்தில் மூலைக்கு மூலை கிடந்த மரப்பட்டை, மரத்தூள், சிராய் எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு போய்ச் சுவருக்கு எதிரே ஒரே குவியலாக்கினார்கள். பார்க்கச் சின்னதாகத் தெரியவேண்டும் என்று அதன் மேல் வண்டியை ஏற்றி ஏற்றி அழுத்தினார்கள். ஈரப் பட்டையை அப்படி அழுத்தி மூடி வைத்தால் உள்ளுக்குள் புழுங்கிச் சூடேறும். இது ஆலையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். அதற்காகவே ஒரு நீளமான வெப்பமானிக் கம்பி இருந்தது. குவியலுக்குள் குத்திச் சூடு பார்ப்பது என் தம்பியின் வேலை. விருந்தாளிகள் வருகிறார்கள் என்று அந்தக் கம்பிக்கும் என்னிடமே வெள்ளி பெயிண்ட் அடிக்கச் சொன்னார்கள். அடித்த பிறகு, "குத்தினா பெயிண்ட் போயிடும், அவங்க வந்துட்டுப் போற வரைக்கும் சும்மா நிக்கட்டும்" என்று அலுவலக வாசலில் சாத்தி வைத்துவிட்டார்கள். பெயிண்ட் அடித்த எனக்கே தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

இதைச் சொன்னது மேற்பார்வையாளர். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும், அதனால் அவருக்குப் பெயரே விசில். பேசுவதற்கு முன்னால் ஒரு ஊது, பேசி முடித்த பிறகு ஒரு ஊது. காது கொடுத்துக் கேட்பது மட்டும் அவர் பழக்கத்தில் இல்லை.

மத்தியானம் சாப்பிட உட்காரும்போது தம்பி பூட்ஸைக் கழற்றிவிட்டுக் குழாயடியில் காலைக் காட்டிக்கொண்டு நிற்பான். "குவியல் மேல நின்னு பட்டையை வாரும்போது உள்ளங்கால் சுடுதுக்கா" என்றான் ஒருநாள். "போய்ச் சொல்லுடா" என்றேன். போய்ச் சொன்னான். மறுநாள் அவன் காலில் முழங்கால் வரைக்கும் புது ரப்பர் பூட்ஸ், அடிப்பாகம் இரண்டு விரல் தடிமன். "விசில் நல்லவர்தான்க்கா, சொன்னதும் குடுத்துட்டார்" என்றான். அவ்வளவு வெள்ளந்தி என் தம்பி.

மஞ்சள் முடிந்ததும் சுவர் நடுவில் ஆலைக் கம்பெனியின் பெயரை எழுதவேண்டும். ஆள் உயரத்துக்குச் சிவப்பு எழுத்துகள், இரண்டு பூச்சு. முதல் பூச்சு அடித்துவிட்டு இறங்கிப் பார்த்தால் எழுத்துகள் மேலும் வண்டுகள் உட்கார்ந்துவிட்டன. எனக்கு அழுகையே வந்துவிட்டது. தகட்டை எடுத்துச் சுரண்டப் போனேன். விசில் ஊதிக்கொண்டே ஓடிவந்தார்.

"அம்மா, அம்மா, எழுத்துல கை வைக்காதீங்க. ஓரம் பிசிறடிச்சா மேனேஜர் என்னைத் தொலைச்சுடுவார்."

"வண்டு ஒட்டியிருக்கே, தெரியலையா?"

"வண்டோட சேர்த்து மேலயே அடிச்சு விடுங்க. தூரத்துல நின்னு பாக்கறவங்களுக்கு என்ன தெரியப் போகுது?"

மனசே இல்லாமல் மேலேயே அடித்தேன். பூச்சி மருந்து அடிக்கும் ஆளும் வந்து குவியலைச் சுற்றி மருந்து தெளித்துவிட்டுப் போனான். விருந்தாளிகள் வந்தார்கள், தலையாட்டினார்கள், சிவப்பு எழுத்துக்கு முன்னால் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மேனேஜர் தன் நாற்காலிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார். என் வேலை அங்கே முடிந்தது.

அதற்கப்புறம் இரண்டு வாரம்கூட ஆகவில்லை, வெள்ளிக் கம்பியும் வாசலில் சாத்தியபடியேதான் நின்றது. குவியல் மேல் நின்று வாரிக்கொண்டிருந்த என் தம்பியின் காலுக்குக் கீழே மேலோடு உடைந்தது. அடியில் தணல். வலது கால் தொடை வரைக்கும் உள்ளே போய்விட்டது. உடைந்த பள்ளத்தில் காற்றுப் பட்டதும் தீ எழும்பியது. வண்டி ஓட்டுகிறவர்தான் ஒரு நீளக் கழியை நீட்டி அவனை வெளியே இழுத்தார். இழுத்ததும் என்ன, அந்தத் தடி ரப்பர் பூட்ஸ் உருகி அவன் காலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எடுத்தார். வராந்தாவில் நின்ற எனக்கு அவன் சத்தம் கேட்டது. பொறுமைசாலியின் சத்தம் அது.

அன்று சாயங்காலமே மேனேஜர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சொந்த அண்ணன் மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"தம்பி, சிகரெட் பிடிச்சுட்டுத் துண்டை அங்கயே போட்டுட்டீங்க போலிருக்கு. பரவாயில்லை, எல்லாருக்கும் நடக்கறதுதான். சர்க்கார் விசாரணையில அதை ஒத்துக்கங்க. கம்பெனி உங்களைக் கைவிடாது. ஒத்துக்கலைன்னா ஆலைக்கே தீ வைச்சதா ஆகும், போலீசு கேசுன்னு போகும். யோசிச்சுக்கங்க."

என் தம்பி சிகரெட்டை விட்டு வருஷக்கணக்காகிறது, அவன் மகளுக்கு இப்போது பள்ளிக்கூடம் போகும் வயதாகிவிட்டது. அவள் பிறந்த அன்றைக்கு விட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி என் கையைப் பிடித்து அழுத்தினான், கத்தாதே என்று. அவன் முகத்துக்காக விழுங்கிக்கொண்டேன்.

மறுநாள் அவன் சட்டையையும் சாப்பாட்டுப் பாத்திரத்தையும் எடுத்துவர ஆலைக்குப் போனேன். குவியல் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. தீயணைப்பு அதிகாரி ஒருவர் குழாயைப் பிடித்துத் தண்ணீர் பாய்ச்சுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். திடீரென்று கழுத்தில் பட்டென்று அடித்துக்கொண்டு, கையில் கிடந்ததைப் பார்த்துச் சிரித்தார்.

"வந்துட்டாங்க பாருங்க. காட்டுல தீ பிடிச்சாலும் இவங்கதான் முதல்ல வருவாங்க. எங்க வண்டிக்கு வழி தெரியுதோ இல்லையோ, இவங்களுக்குத் தெரிஞ்சுடும்."

அவர் உள்ளங்கையில் என் சுவரை நாசமாக்கிய அதே கருப்பு வண்டு.

"சார், இது தீக்குத்தான் வருமா? சும்மா வராதா?"

"சும்மா நான் எங்கயும் பார்த்ததில்லைம்மா. எரியற இடத்துலதான் பார்த்திருக்கேன்."

"அப்போ இந்தக் குவியல் எப்பத்துல இருந்து எரிஞ்சுதுன்னு நீங்க சொல்ல முடியுமா?"

அவர் குவியலைக் காட்டினார். "பாதிக்கு மேல சாம்பல், மிச்சத்தை வண்டி வைச்சுக் கலைச்சுட்டாங்க. உள்ளயிருந்து வந்துச்சா வெளியிலயிருந்து வந்துச்சான்னு இனிமே யார் சொல்றது? அணைக்கறதுதான் எங்க வேலை. பூச்சியைப் பத்தித் தெரியணும்னா காலேஜுல கேளுங்க."

அந்த வண்டைக் கெஞ்சி வாங்கித் தம்பியின் சாப்பாட்டுப் பாத்திரத்தில் போட்டு மூடிக்கொண்டு நேராக விவசாயக் கல்லூரிக்குப் போனேன். பூச்சி மேடம் என்று வாசலில் வழி காட்டினார்கள். அறை முழுக்கக் கண்ணாடிப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஊசி குத்திய பூச்சிகள். அந்த அம்மாவுக்கும் எனக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. பாத்திரத்தைத் திறந்து பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து எனக்குச் சுருக்கென்றது. அவருக்கு அது அதிசயம். எனக்கு அது என் தம்பியின் கால்.

வண்டை மல்லாக்கப் போட்டு உருப்பெருக்கியை என் பக்கம் தள்ளினார். "நடுக்கால் இருக்கு பாருங்க, அதுக்குப் பக்கத்துல ஒரு குழி. ரெண்டு பக்கமும் இருக்கும். தெரியுதா?"

தெரிந்தது. சின்னக் குழி. அதற்குள் ரவை கொட்டின மாதிரி பளபளவென்று ஏதோ இருந்தது.

"அதுதான் அதோட தீ பாக்கற கண்ணுன்னு வைச்சுக்கங்க. கண்ணுன்னா வெளிச்சத்தைப் பாக்கற கண்ணு இல்லை. இஸ்திரிப் பெட்டியைத் தொடாம கையைக் கிட்ட கொண்டு போனாலே சூடு தெரியுதில்ல? அது அகச்சிவப்புக் கதிர். நம்ம கண்ணுக்குத் தெரியாது, தோலுக்குக் கொஞ்சம் தெரியும். இந்தக் குழிக்குள்ள இருக்கற ஒவ்வொரு உருண்டையிலயும் துளி நீர் அடைச்சிருக்கு. கதிர் பட்டா அந்த நீர் ஒரு நூல் விரியும். விரிஞ்சா உள்ள இருக்கற நரம்பு முனையைத் தள்ளும். உடனே அந்தத் திசைக்குப் பறக்கும். புகை வாசனையையும் உணர்கொம்பால பிடிக்கும்."

"கொசுகூட நம்ம சூட்டுக்குத்தானே வருது?"

"வரும். கொசு, மூட்டைப்பூச்சி எல்லாத்துக்கும் சூடு தெரியும். ஆனா அதெல்லாம் நம்ம கிட்ட வந்த பிறகு, கை நீட்டற தூரத்துல. இது அப்படியில்லை. இதுக்கு எரிஞ்ச மரம் வேணும். உசுரோட இருக்கற மரத்துல முட்டை வைச்சா பிசின்ல புழு செத்துடும். அதனால எங்க மரம் எரியுதுன்னு தேடறதே இதோட பிழைப்பு."

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "அப்போ தீப் பிடிக்கறதுக்கு முன்னாடியே இது ஒரு இடத்துக்குக் கூட்டமா வந்திருந்தா?"

"தீப் பிடிக்கறதுக்கு முன்னாடி ஏன் வரப்போகுது? நீங்க தீயைப் பாக்கறதுக்கு முன்னாடின்னு சொல்லுங்க. அது சரியா இருக்கும்."

விருந்தாளிகள் வருவதற்கு முன்பே குவியலுக்குள் தீ இருந்திருக்கிறது. அந்தத் தீ மேல்தான் என் தம்பியை நிற்க வைத்திருக்கிறார்கள். சுவரைப் பற்றி முழுவதும் சொன்னேன். பூச்சி மேடம் கேட்டுவிட்டு உருப்பெருக்கியின் விளக்கை அணைத்தார்.

"விசாரணைக்கு நான் வரேன். ஆனா சுவத்துல இருக்கற வண்டை எனக்குக் காட்டணும். வண்டு இல்லாம நான் வந்து பேசினா அது வெறும் பாடம். கொட்டாவி விடுவாங்க."

சுவர் எங்கே ஓடிப்போகப் போகிறது என்று நினைத்துக்கொண்டு கிளம்பினேன். அதோடு வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கவேண்டும். போகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே மேனேஜரும் விசிலும் கட்டிலருகே இருந்தார்கள். தம்பி என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தபடி சொன்னான்.

"அக்கா, நான் பிடிச்சேன்னே சொல்லிடறேன். வேலையும் போயிக் கேசும் வந்தா பாப்பாவை யார் பாக்கறது?"

"நீ பிடிச்சியாடா?"

"இல்லை."

"அப்புறம் என்ன எழவுக்குடா ஒத்துக்கறே?"

"தம்பி யோசிச்சுத்தான் பேசறார்" என்றார் மேனேஜர்.

அந்த அமைதியான குரல்தான் என்னைக் கிளப்பிவிட்டது. வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். குவியல் எப்போதிலிருந்து எரிகிறது என்று எனக்குத் தெரியும் என்றேன். உங்கள் மஞ்சள் சுவரைச் சுரண்டினால் வண்டு வண்டாக உதிரும், காலேஜிலிருந்து ஆளைக் கூட்டிவந்து நாளை மறுநாள் விசாரணையில் எல்லோர் முன்னாலும் சுரண்டிக் காட்டுகிறேன், உங்கள் வண்டவாளம் தெரிந்துவிடும் என்றேன். நர்ஸ் வந்து என்னை வெளியே போகச் சொன்னாள். வெளியே வந்தபோது ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. எப்பேர்ப்பட்ட முட்டாள் நான். விசில் முதல் தடவையாக நான் சொன்ன எல்லாவற்றையும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அதை நான் கவனிக்கவே இல்லை.

மறுநாள் காலையில் ஆலைக்குப் போனபோது தெருமுனையிலேயே இரும்பு அரைக்கும் சத்தம் கேட்டது. முற்றம் முழுக்க மஞ்சள் தூசி. நாலு ஆட்கள் மூக்கில் துணி கட்டிக்கொண்டு சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். உதிர்ந்ததை அங்கேயே அள்ளி அள்ளி அறுவைக் கூடத்துக் கொதிகலனில் போட்டார்கள். வாசலில் காவலாளி என்னை உள்ளே விடவில்லை. "கோவிச்சுக்காதீங்கம்மா, உங்களை மட்டும் விடக்கூடாதுன்னு உத்தரவு" என்றார். கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர்கள் மேல் இருந்த கோபத்தைவிட என் வாய் மேல் இருந்த கோபம் பெரிதாக இருந்தது. தைத்துக்கொள்ளலாம் போல இருந்தது அதை.

பூச்சி மேடத்துக்கு போன் செய்து சுவர் போய்விட்டது என்று சொன்னேன். "சரி, பாக்கறேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். பெரிய படிப்புப் படித்தவர்களே இப்படித்தான் என்று அவர் மேலும் கோபப்பட்டேன். அன்றைக்கு நான் கோபப்படாத ஆளே பாக்கி இல்லை.

விசாரணை நாளன்று தம்பியைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். ஆலை வாசலுக்குப் பக்கத்தில் வந்ததும், "நான் ஒத்துக்கும்போது நீ கத்தக்கூடாது. சத்தியம் பண்ணு" என்றான். நான் சத்தியம் பண்ணவில்லை.

வாசலில் பூச்சி மேடம் தோளில் ஒரு பையோடு நின்றுகொண்டிருந்தார். எனக்கு நம்பவே முடியவில்லை.

"வரமாட்டீங்கன்னு நினைச்சேன்."

"நீங்க சொன்னப்போ பாதிதான் நம்பினேன். சுவரைச் சுரண்டிட்டாங்கன்னு கேட்டதும் முழுசா நம்பிட்டேன். புதுசா பெயிண்ட் அடிச்ச சுவரை யாராவது சுரண்டுவாங்களா?"

விசாரணை அதிகாரி வயதானவர், ஓயாமல் இருமிக்கொண்டிருந்தார். முற்றத்திலேயே மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். மேனேஜர் பக்கத்தில் நின்றுகொண்டு, சிகரெட் பிடிக்கக்கூடாது என்ற பலகை எங்கெங்கே இருக்கிறது என்று விரலை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். அந்த விரலின் பின்னாலேயே என் பார்வையும் போனது. அப்போதுதான் சுவரைச் சரியாகப் பார்த்தேன்.

சுவர் முழுக்க வெறும் சிமெண்ட். ஒரு பொட்டு மஞ்சள் இல்லை. ஆனால் நடுவில், ஆள் உயரத்துக்கு, ஓரம் பிசிறாமல், சிவப்பாக, கம்பெனியின் பெயர் மட்டும் அப்படியே இருந்தது. நான் மஞ்சள் சுவர் என்றுதான் கத்தியிருந்தேன். மஞ்சளைத்தான் சுரண்டியிருக்கிறார்கள். தங்கள் பெயர் மேல் தகட்டை வைக்க ஒருவருக்கும் மனசு வரவில்லை.

நான் எழுத்தருகே போனேன். பெயிண்ட் அடிப்பவள் கண்ணுக்கு மேடு பள்ளம் தப்பாது. முதல் எழுத்தின் வளைவிலேயே மூன்று இடத்தில் புடைத்திருந்தது. பையில் கை விட்டு என் தகட்டை எடுத்தேன்.

"ஏம்மா, என்ன பண்றீங்க?" மேனேஜரின் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. "கம்பெனி பேர் மேல கை வைக்காதீங்க."

அதிகாரி இருமி முடித்துவிட்டு மொட்டைச் சுவரை இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் பார்த்தார். "மத்த இடத்துல எல்லாம் நீங்களே கை வைச்சுட்டீங்களே" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "எடுங்க" என்றார்.

ஓரத்தில் தகட்டைச் செருகி மெதுவாகத் தூக்கினேன். மேல்பூச்சு உரிந்து வந்தது. உள்ளே, கீழ்ப்பூச்சில் கால்கள் புதைந்து, தலை குவியல் இருந்த பக்கம் திரும்பி, ஒரு கருப்பு வண்டு உட்கார்ந்திருந்தது. கொம்புகூட ஒடியவில்லை. பூச்சி மேடம் அதை இடுக்கியால் வாங்கி மேசை மேல் மல்லாக்க வைத்துக் குழியைக் காட்டினார். எனக்குச் சொன்னதையே அதிகாரிக்கும் சொன்னார். நான் அதற்குள் இரண்டாவதையும் மூன்றாவதையும் எடுத்துவிட்டேன். அடுத்த எழுத்துக்குப் போனபோது, போதும் என்றார் அதிகாரி.

"இது தீப் பிடிச்ச பிறகு வந்து ஒட்டியிருக்கலாமில்ல சார்?" என்றார் விசில். பாவம், விசில் ஊதக்கூட மறந்துவிட்டார்.

"ரெண்டு பூச்சுக்கு நடுவுல எப்படிங்க வந்து ஒட்டும்? நீங்கதானே மேலயே அடிக்கச் சொன்னீங்க?" என்றேன். பிறகு மேனேஜரிடம் திரும்பினேன். "ரெண்டாவது பூச்சு என்னைக்கு முடிஞ்சுதுன்னு தெரியணும்னா உங்க ரூமுக்கே போகலாம். இந்த எழுத்துக்கு முன்னாடி நின்னு எல்லாரும் சிரிச்சுக்கிட்டு எடுத்த படம் உங்க நாற்காலிக்குப் பின்னாடிதான் தொங்குது."

மேனேஜர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். அந்தப் படத்தைக் கொண்டுவரச் சொன்னார் அதிகாரி. காவலாளியே போய்ச் சட்டத்தோடு தூக்கிக்கொண்டு வந்து மேசை மேல், வண்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தார். அதிகாரி படத்தையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். அலுவலக வாசலில் வெள்ளி நிறத்தில் மின்னிக்கொண்டு நின்ற கம்பியைக் காட்டி அது என்ன என்று கேட்டார். விசில் போய் அதை மறைத்துக்கொண்டு நின்றார்.

பிறகு சக்கர நாற்காலியில் இருந்த என் தம்பியிடம் கேட்டார். "சிகரெட் பிடிச்சீங்களா?"

தம்பி என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை.

"இல்லை சார்" என்றான்.

"சரி, சிகரெட் கதையை இதோட விடுங்க" என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டு மறுபடி அவன் பக்கம் திரும்பினார். "அவ்வளவு நாளா அடியில எரிஞ்சுக்கிட்டு இருந்திருக்கு. நீங்க தினமும் மேலதான் நின்னிருக்கீங்க. உங்களுக்குச் சூடு ஒண்ணும் தெரியலையா?"

தம்பி கட்டுப்போட்ட காலைக் குனிந்து பார்த்தான்.

"தெரிஞ்சுது சார். சொன்னேன். தடியா பூட்ஸ் குடுத்தாங்க."

அதிகாரி இருமலை மறந்து அவனையே பார்த்தார். பூச்சி மேடம் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டார். இத்தனை நாளில் அந்த முற்றத்தில் இருந்த ஒருவர்கூட அவனிடம் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. மூன்று செத்த வண்டுகள் சாட்சி சொன்ன பிறகுதான் என் தம்பி பேசியது அவர்கள் காதில் ஏறியது. பழி அவன் மேலிருந்து போய்விட்டது. எனக்கு அந்தக் கோபம் போகவில்லை.